இருநூறு சொல்லுக்குள் காவேரி

அந்தச் சுற்றறிக்கையை எங்கள் துறையில் முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்த கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கலாம். தாவரவியல் துறை வராந்தாப் பலகையில், பரீட்சை அட்டவணைக்கும் யாரோ தொலைத்த குடையைப் பற்றிய அறிவிப்புக்கும் நடுவே அதைக் குத்தியிருந்தார்கள். ஜனவரியில் வடக்கே நடக்கவிருக்கும் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கங்கள் அனுப்பலாம். இருநூறு சொற்களைத் தாண்டக்கூடாது. டைப் அடித்த மூன்று பிரதிகள், துறைத் தலைவரின் கையெழுத்தோடு. கடைசித் தேதி செப்டம்பர் நடுவில். நான் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அந்த வழியாக வந்த, எங்கள் துறைத் தலைவரான புரொபசரிடம், "சார், இதுக்கெல்லாம் யார் சார் அனுப்புவா?" என்று கேட்டுவைத்தேன்.

"நீதான்" என்றார். நின்றுகூடப் பேசவில்லை. வகுப்புக்குப் போய்விட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அப்பா திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அம்மாவுக்கு மடி, ஆசாரம், பெருமாள், சமையல் என்று நாள் முழுக்க வேலை. எனக்கு ஜாதகம் எடுத்தாகிவிட்டது. கும்பகோணத்தில் ஓர் இடம் தகைந்து வருவதுபோல இருந்தது. அந்தச் சமயத்தில்தான் புரொபசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதி. நெற்றியில் மெலிசாகத் திருமண். அதற்குக் கீழே கோட்டு, டை. கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம், "ரெண்டே ரெண்டு வருஷம் குடுங்கோ. கொழந்தை நன்னாப் படிக்கிறா. நான் பொறுப்பு" என்றார். அப்பா யோசித்துவிட்டு, "நீங்க சொன்னா சரி" என்றார். ரயில்வே கூட்ஸில் மூட்டையை ஏற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல என்னைக் கைமாற்றினார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். யாருடைய பொறுப்பில் இருந்தால் என்ன, சமையல்கட்டை விட்டு வெளியே வந்தால் போதாதா?

வெளியே வந்து என்ன பார்த்தேன் தெரியுமா? நாலு ஆராய்ச்சி மாணவர்களில் நான் ஒருத்திதான் பெண். காலையில் அப்பா கூடவே வந்து பஸ் ஏற்றிவிடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் குனிந்த தலை நிமிராமல் கல்லூரிக்கு நடக்க வேண்டும். லேபில் என் மேஜை வாசலை ஒட்டி, புரொபசர் அறையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில். மத்தியானம் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதென்று உலர்செடிகள் வைத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்த அலமாரிகள் முழுக்க நாப்தலின் உருண்டை. இரண்டு வருஷமும் நான் சாப்பிட்ட தயிர்சாதத்தில் நாப்தலின் வாசனை அடித்தது. ஒருவரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. எல்லோரும் எனக்காகத்தான் இதையெல்லாம் செய்தார்கள். அதனால் எரிச்சலைக்கூட மென்று விழுங்க வேண்டியிருந்தது.

என் ஆராய்ச்சி பாசியைப் பற்றியது. காவேரிக்குத் தெற்கே திருச்சிக் கரை, வடக்கே ஸ்ரீரங்கக் கரை, நடுவே பாலம். இரண்டு கரையிலும் விடிகாலையில் தண்ணீர் எடுத்துவந்து, பாசி வளர்வதற்கான சத்துக் கரைசலோடு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, ஜன்னலோரம் வெயில்படும் இடத்தில் வைக்க வேண்டும். எது எத்தனை நாளில் எவ்வளவு பச்சையாகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. திருச்சிக் கரைத் தண்ணீரை லேப் அட்டெண்டர் கொண்டுவருவார். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். பெரிய கடைவீதிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஸ்ரீரங்கக் கரைத் தண்ணீர் என் பங்கு. அம்மா மண்டபம் படித்துறை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அம்மா அங்கே தினமும் ஸ்நானத்துக்குப் போகிறவள். அவளோடு போய் எடுத்துவந்துவிடலாம்.

முதல் நாளே தகராறு. கல்லூரியில் கொடுத்த கண்ணாடிப் பாட்டிலை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"என்னதுடி அது?"

"சாம்பிள் பாட்டில்ம்மா. தண்ணி எடுக்கறதுக்கு."

"இதுக்கு முன்னாடி இதுல என்ன இருந்தது?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். வாயில் சனி. "தவளை. பக்கத்து டிபார்ட்மெண்ட்லேர்ந்து வாங்கினது. நன்னா அலம்பியாச்சு" என்றேன்.

"ராமா! அது இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. காவேரியை அதுல மொண்டுண்டு வந்து என் அடுக்குள்ளுக்குப் பக்கத்துல வைப்பியா நீ?"

கல்லூரிக்கு பஸ் ஒன்பது மணிக்கு. தண்ணீர் எடுப்பது ஐந்தரை மணிக்கு. நடுவே அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அம்மாவே ஒரு வழி சொன்னாள். தீர்த்தத்துக்கென்று தனியாகத் தேய்த்து வைத்திருக்கும் தாமிரச் சொம்பு ஒன்று உண்டு. அதில் எடுத்துவந்து மூடிவைத்து, கல்லூரியில் போய் உன் தவளைப் பாட்டிலிலோ எதிலோ ஊற்றிக்கொள். எனக்கும் சரியென்று பட்டது. நானே தேய்த்தேன், நானே மொண்டேன். சனிக்கிழமை எடுத்த தண்ணீர் திங்கட்கிழமை வரை அந்தச் சொம்பிலேயே இருக்கும், சனியும் ஞாயிறும் கல்லூரி கிடையாதே. "இருக்கட்டும் போ. தாமிரத்துல வச்சா ஜலம் எத்தனை நாளானாலும் கெடாது" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சொன்னாள். நான் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வேனா என்ன?

மூன்று வாரத்தில் ஜன்னலோரம் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பாய் கொண்டுவந்த திருச்சிக் கரைக் குடுவைகள் எட்டாம் நாள், பத்தாம் நாள் என்று பச்சைப் பசேலென்று ஆயின. என் ஸ்ரீரங்கக் குடுவைகள் அப்படியே நின்றன. ஒன்றிரண்டில் லேசாகப் பச்சை ஓடியது, மற்றதெல்லாம் பளிங்கு. புரொபசர் ஒரு குடுவையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா? பாத்தியாம்மா?" என்றார். அவர் குரல் தழுதழுத்ததை நான் கேட்டேன். திருச்சிப் பக்கம் ஊர்க் கழிவு கலக்கிறது, இந்தப் பக்கம் ஓட்டம் வேகம், ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கொள்கிறது என்று காரணங்களை அடுக்கினார். அவர் ரொம்ப வருஷமாக எந்த மாநாட்டுக்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பாடம் நடத்தியே தேய்ந்துபோன மனுஷன். அந்தச் சமயத்தில்தான் நான் போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

சுருக்கம் எழுதுவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் எழுதிக்கொண்டு போனது நாலு பக்கம். புரொபசர் பென்சிலை எடுத்துக் களை பறிப்பதுபோல் பறித்தார். எப்படி எடுத்தேன், எங்கே வைத்தேன் என்பதெல்லாம் போயிற்று. "முறையெல்லாம் இதுல வேண்டாம். ரிசல்ட்தான் முக்கியம்." எனக்கு இன்னும் ஆறு வார வேலைகூட முடியவில்லையே என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்மா. மொதல்ல சுருக்கம் போகும். ஜனவரிக்குள்ள வேலையை முடிச்சுப்போம்" என்றார். ஸ்ரீரங்கக் கரை நீர் வியக்கத்தக்க வகையில் பாசி வளர்ச்சியற்று இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அவரே சொல்ல நான் எழுதினேன். கடைசி வரி, "முடிவுகள் விவாதிக்கப்படும்." இன்னும் இல்லாத முடிவுகளை விவாதிப்பதாக உறுதி கொடுக்கும் அந்த வரி எல்லாச் சுருக்கத்திலும் இருக்குமாம். மேலே அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அதுதான் வழக்கம். ஆபீஸ் டைப்பிஸ்ட் கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தார். நூற்றுத் தொண்ணூற்றேழு சொற்கள். நான் விரல் விட்டு எண்ணினேன்.

கூடுதலாக ஒரு கார்பன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் முடிச்சு விழுந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் ஃபைல் படிக்கிற குரலில் அதை முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டார். "கேளுங்கோ ஓய். காவேரித் தீர்த்தத்தோட மகிமையை சயின்ஸே ஒத்துண்டுடுத்து. யார் எழுதியிருக்கா பாருங்கோ" என்று என் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினார். நான் பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வந்தபோது "சரி" என்று மட்டும் சொன்ன அப்பா. மறுநாள் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "நீதானா அது?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இல்லையென்று இப்போது பாசாங்கு பண்ணி என்ன ஆகப்போகிறது?

புரொபசர் கையெழுத்துப் போட்டு மூன்று பிரதிகளையும் உறையையும் என்னிடமே கொடுத்தார். "கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கு. ஒரு தடவை பிழை பாத்துட்டு ரெண்டு நாள்ல ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடு" என்றார். அன்று பிற்பகல் கைகழுவப் போனேன். துறைக்குப் பின்னால் அல்லி வளர்க்கும் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு துணி மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொட்டித் தண்ணீரில் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தார். மூட்டையிலிருந்து நீல நிறமாக ஏதோ கசிந்தது.

"என்ன பாய் பண்றேள்?"

"துத்தம்மா, மயில்துத்தம். மாசா மாசம் போட்டாகணுங்க. இல்லேன்னா பாசி புடிச்சி அல்லியை மூடிடும். புரொபசர் அய்யா என்னைத் திட்டுவார். உங்களுக்கென்ன, நீங்க பாசியை வளக்கிறீங்க. நான் கொல்றேன்" என்று சிரித்தார்.

"துத்தம் போட்டா பாசி செத்துடுமா?"

"துத்தம்னா என்னாங்க? செம்புதானே. செம்பு பட்டா பாசி நிக்குமா?"

சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள்தான். அப்படியே நின்றுவிட்டேன். மேஜைக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். திங்கட்கிழமை கொண்டுவந்த தண்ணீரெல்லாம், அதாவது இரண்டு ராத்திரி தாமிரத்தில் கிடந்ததெல்லாம், துளிகூடப் பச்சையில்லை. லேசாகப் பச்சை ஓடிய அந்த ஒன்றிரண்டு குடுவைகள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் தனியாக ஆற்றுக்குப் போய், அங்கிருந்தே நேராக முதல் பஸ் பிடித்த நாள்கள், சொம்பில் தண்ணீர் அதிக நேரம் கிடக்காத நாள்கள். எல்லாம் என் கையெழுத்திலேயே தேதி போட்டு எழுதியிருந்தது. ஸ்ரீரங்கக் கரையில் பாசி இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டுச் சொம்பில்தான் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத எந்த மாமிக்கும் தெரிந்த சங்கதி அது. தாமிரத்தில் ஜலம் கெடாது!

மறுநாள் காலை தவளைப் பாட்டிலைப் புடைவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனேன். ஒரே படியில் நின்று, ஒரே நேரத்தில், சொம்பிலும் பாட்டிலிலும் மொண்டேன். பாட்டிலைக் கொல்லையில் மல்லிகைப் புதருக்குள் ஒளித்துவைத்து, கிளம்பும்போது எடுத்துப் பைக்குள் போட்டேன். இரண்டையும் இரண்டு குடுவைகளில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புரொபசர் அறைக்குள் போனேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். "நிச்சயமாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து நாள் ஆகும் சார், குடுவை பச்சையாக."

"கடைசித் தேதிக்கு?"

"ஆறு நாள்."

"அப்போ இன்னிக்கு இது வெறும் சந்தேகம்தானே? சந்தேகத்துக்கெல்லாம் நிறுத்தினா ஒருத்தரும் ஒரு பேப்பரும் அனுப்ப முடியாதும்மா. போகட்டும். பத்து நாள் கழிச்சுத் தப்புன்னு தெரிஞ்சா வாபஸ் வாங்கிக்கலாம். ஒரு லெட்டர்தானே? நீ எழுதிக் குடு, நான் ஃபார்வர்ட் பண்றேன்."

நியாயமாகத்தான் இருந்தது. தலையாட்டினேன். நான் கதவு வரைக்கும் போனபோது, "அப்பா ரொம்பச் சந்தோஷமா இருக்கார் போலிருக்கே. நேத்துக் கோயில்ல பாத்தேன்" என்றார். மிரட்டவில்லை. அவர் சுபாவம் அது இல்லை. நிஜமாகவே அவருக்கும் சந்தோஷம். ஆனால் அப்பாவிடம் போய் எல்லாம் தப்பு என்று சொன்னால் என்ன நடக்கும்? ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. தலைகுனிவு. "போதும் படிச்சது" என்று ஒரே வார்த்தை. கும்பகோணத்து ஜாதகம் அலமாரியில் தயாராக இருக்கிறது. புரொபசரை மீறிப் போகலாமென்றால், அவர் கையெழுத்து இல்லாமல் என்னால் ஒரு குடுவைகூட வாங்க முடியாது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கல்லூரி, நடுவே பாலத்தில் ஊர்ந்துபோகும் பஸ்ஸில் நான். ஜன்னல் வழியாகக் கீழே காவேரியைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது உறையை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம் தபாலாபீசுக்குப் போனேன். அங்கே நின்றபடி எழுதுவதற்குச் சாய்வாக ஒரு மேஜை, மைக்கூடு, கட்டைப் பேனா. உறையை ஒட்டுவதற்குப் பசையைத் தொட்டேன், ஒட்டவில்லை. மூன்று பிரதிகளையும் வெளியே எடுத்தேன். "முடிவுகள் விவாதிக்கப்படும்" என்ற வரிக்கு மேலே இருந்த இடைவெளியில், அந்தப் பேனாவால், ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். ஸ்ரீரங்கக் கரை நீர் மட்டும் செப்புப் பாத்திரத்தில் எடுத்து வைக்கப்பட்டது. தப்பென்றும் எழுதவில்லை, சரியென்றும் எழுதவில்லை. நடந்ததை எழுதினேன். விஷயம் தெரிந்தவன் எவனும் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும், மிச்சத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவான். மூன்று பிரதியிலும் எழுதினேன். இரண்டாவதில் மை கொட்டிக் கறையாகிவிட்டது. சொற்கள் இருநூறைத் தாண்டிவிட்டன என்பதும் எனக்குத் தெரியும், எண்ணினேன். எதை எடுப்பதென்று தெரியவில்லை. புரொபசர் கையெழுத்துக்கு மேலே இருந்த எதையும் அடிக்கத் துணிச்சல் வரவில்லை. அப்படியே ஒட்டிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.

திரும்பி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. செய்துவிட்டேன்! யாரையும் கேட்காமல், யார் பொறுப்பிலும் இல்லாமல், என் வாழ்க்கையில் நானாகச் செய்த முதல் காரியம் அது. வழியில் நின்று, கல்யாணமாகாத பெண் தனியாகச் செய்யவே கூடாத காரியமாக, ஒரு கடையில் சோடா வாங்கிக் குடித்தேன்.

அந்தத் துணிச்சல் லேபுக்குத் திரும்பி உட்கார்ந்ததும் இறங்கிவிட்டது. சுருக்கங்களையெல்லாம் புத்தகமாக அச்சடித்து மாநாட்டுக்கு முன்னால் அனுப்புவார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். அப்படியென்றால் புரொபசர் அந்த வரியை அச்சில் பார்ப்பார். தன் கையெழுத்துக்கு மேலே, தன்னைக் கேட்காமல், நான் எழுதிய வரி. கடவுளே, என்ன பண்ணிவைத்திருக்கிறேன்!

பத்தாம் நாள் கண்ணாடிப் பாட்டில் தண்ணீர் பச்சையாயிற்று. சொம்புத் தண்ணீர் பளிங்குபோல நின்றது. இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய்ப் புரொபசர் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வெயில் ரெண்டுக்கும் ஒரே மாதிரி பட்டுதா?" என்றார். பட்டது. "இன்னொரு தடவை பண்ணிப் பாரு." பண்ணினேன். அதே கதை. வாபஸ் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, படித்து, மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே வைத்தார். மாநாட்டு ஆபீசுக்கு எந்தக் கடிதமானாலும் துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். ஐப்பசி வந்தது. கடிதம் அங்கேயே இருந்தது. அதன் மேல் வேறு காகிதங்கள் ஏறின. சுருக்கம் ஏற்கப்பட்டதாகக் கார்டு வந்தது. அவருக்கு லீவும் பயணமும் அனுமதியாயிற்று. "சார், அந்த லெட்டர்..." என்று ஒருநாள் கேட்டேன். "பாக்கலாம்மா. இந்தத் தாமிர விஷயத்தையே தனியா ரெண்டாவது பேப்பரா எழுதிடலாம், என்ன?" என்றார். மனசார அப்படி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது யோசித்தாலும் அவர்மேல் கோபம் முழுசாக வரமாட்டேன் என்கிறது. வந்திருந்தால் தேவலை.

மார்கழியில் புத்தகம் வந்தது. "இங்க வாம்மா" என்று புரொபசர் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். இன்றோடு தீர்ந்தது, எல்லோருக்கும் தெரியட்டும், வருவது வரட்டும் என்று போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். பொடி எழுத்து. அவர் பெயர், என் பெயர். வியக்கத்தக்க வகையில் பாசி வளர்ச்சியற்று. முடிவுகள் விவாதிக்கப்படும். அந்த வரி இல்லை. மேலும் கீழும் தேடினேன், இல்லவே இல்லை. இருநூறைத் தாண்டியதால் வெட்டினார்களோ, கையால் எழுதியதை அச்சுக்கு எடுப்பதில்லையோ, யாருக்குத் தெரியும்? முகம் தெரியாத ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். வந்தது என்ன தெரியுமா? அப்பாடா. மூன்று மாதமாக மார்பில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. "தேங்க்ஸ் சார்" என்றேன்.

இனியும் ஒரு வழி இருந்தது. மாநாட்டில் பத்து நிமிஷம் பேச வேண்டும். நான் போய்ப் பேசினால் சொல்லலாம். "வடக்கேயா? மூணு நாள் ரயில்லயா? தனியாவா?" என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு லீவு இல்லை. வற்புறுத்தினால் சம்மதித்திருப்பாரோ என்னவோ, நான் வற்புறுத்தவில்லை. புரொபசர் மட்டும் போய்விட்டுத் தை பிறந்து வந்தார். என்ன சார் ஆயிற்று என்றேன். அன்றைக்கு நிறையப் பேர், நேரமில்லை. நம்முடையதைப் படித்ததாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார். அப்படி ஒரு சம்பிரதாயம் உண்டாம். ஒருவர் எழுந்து நிற்க வேண்டாம், ஒருவர் கேட்க வேண்டாம், ஒருவர் குறுக்கே கேள்வி போட வேண்டாம். படித்தாயிற்று என்று குறிப்பில் எழுதிக்கொள்வார்கள். எனக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார்.

அதை ஒளித்துவைக்கத்தான் பார்த்தேன். அப்பா பையிலிருந்து எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு, புத்தகத்தோடு என்னிடம் வந்தார். அன்று கோயில் பக்கம் அவருடைய சிநேகிதர்கள் கூடுவார்கள்.

"இதை எடுத்துண்டு போகட்டுமா?" என்று கேட்டார். அப்பா என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

"ம்."

போகாமல் நின்றார். சர்க்கார் ஆபீசில் இருபது வருஷம் ஒரு தப்பான குறிப்பில்கூடக் கையெழுத்துப் போடாத மனிதர் என்று அவருக்குப் பெயர். "நாலு பேர்கிட்டப் படிச்சுக் காட்டப்போறேன். பெருமாள் சன்னிதி வாசல்ல நின்னுண்டு பொய் சொல்லப்படாது பாரு, அதான் கேக்கறேன். இதுல இருக்கறது எல்லாம் நிஜந்தானே?"

அவர் கேட்டபோது புரொபசர் அங்கே இல்லை. வெட்டுகிறவர் இல்லை. இருநூறு சொல் கணக்கு இல்லை. அம்மா கிணற்றடியில் இருந்தாள். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நிஜந்தான்ப்பா" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.